ஓட வீட்டுக்காரர் குதிரை வீட்டுக்காரரை ஊருக்கு அழைத்துப் போனது

மதுரையில் மஹால் பக்கத்துச் சந்தில் ராமதாஸைத் தெரியாதவர்கள் கிடையாது. அவருடைய முன்னோர் படகில் வந்த கதையைக் கேட்காதவர்களும் கிடையாது. காய்கறிக்குப் போகிறவரை நிறுத்தி வைத்துச் சொல்வார். துக்கம் கேட்கப் போன வீட்டில், பாடை கட்டி முடிப்பதற்குள் சொல்லிவிடுவார். பல் பிடுங்கப் போன இடத்தில் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே ஆரம்பித்ததால், டாக்டர் இன்னொரு பஞ்சையும் வைத்து அடைத்தார் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு.

கதைக்கு மூலம் அவருடைய வீட்டுப் பெயர். எப்போதோ குஜராத்திலிருந்து மதுரைக்கு வந்த சௌராஷ்டிரர்களில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அப்படி ஒன்று இருக்கும். இனிஷியலை விட அதுதான் ஆளைக் காட்டிக் கொடுக்கும். என்றைக்கோ ஒரு பூட்டன் பந்தியில் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டிருப்பார். அவருக்கப்புறம் பிறந்த ஒல்லிப் பிள்ளைகள் எல்லாம் ‘அண்டா’ வீட்டுக்காரர்களாகவே வாழ்ந்து தீர்க்க வேண்டும். பெயர் வைப்பது பெரும்பாலும் தெருக்காரர்கள் என்பதால் அதில் தயவு தாட்சண்யம் இருக்காது. ராமதாஸ் அதிர்ஷ்டக்காரர். அவருக்கு வாய்த்தது ‘ஓடம்’.

ஓடம் என்றால் படகு. படகு என்றால் சொந்தப் படகு. சொந்தப் படகு வைத்திருந்தவர் சும்மா ஆளா? நாயக்க மன்னர் ஆள் அனுப்பி அழைக்க, பட்டு மூட்டைகளோடு முன்னோர் நீர்வழியாக வந்து, மேலூர்ப் பக்கம் பாவடிப்பட்டி என்ற ஊரில் இறங்கினார்கள். பாய்மரத்தை அடித்து நிறுத்திய இடம் ‘பாய் அடி’. அதுதான் பாவடி ஆனது. சிம்மக்கல்லில் சுங்குடிச் சேலை மொத்த வியாபாரம் பார்க்கிற மனிதர், கல்லாவில் உட்கார்ந்தபடி இம்புட்டு ஆராய்ச்சியும் செய்திருந்தார்.

அவருடைய மனைவி சுந்தரவல்லி பரமக்குடிக்காரி. அப்பா கைத்தறி நெய்தவர். சேலைக்குக் கரை நெய்ய, ஊடு நூலைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கையால் தள்ளுகிற மரத்துண்டு ஒன்று உண்டே, மற்றவர்கள் நாடா என்பார்கள், அதை அவருடைய அப்பா ஓடம் என்றுதான் சொல்வார். இரண்டு முனையும் கூராக, நடுவில் குழியாக, படகு மாதிரியே இருக்கும். அதனால்தான் அந்தப் பேர். கல்யாணமான புதிதில் புருஷன் வீட்டுப் பெயரைக் கேட்டதுமே இது அந்த ஓடம் என்று சுந்தரவல்லிக்குப் புரிந்துவிட்டது. ராமதாஸ் படகுக் கதையைச் சொன்னபோது இவர் சிரித்தார். அவரும் சிரித்தார். சரி, மனிதர் தெரிந்தேதான் அளக்கிறார், ஊருக்காக ஒரு வேடிக்கை என்று சுந்தரவல்லி இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு குடும்பம் நடக்க இந்த மாதிரித் தப்பு அபிப்பிராயங்கள் ஒன்றிரண்டு வேண்டியதுதான்.

வேடிக்கை, மகள் பிருந்தாவின் கல்யாணத்தில் வந்து முட்டியது.

பிருந்தாவுக்கும் ஹரிஷ்குமாருக்கும் ஜாதகம் பொருந்தியது என்பது தெருவுக்குச் சொன்ன கதை. ஒத்தக்கடை காலேஜுக்குப் போகும் பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் மூன்று வருஷம் பொருந்தி உட்கார்ந்திருந்தது கண்டக்டருக்குத் தெரியும். கண்டக்டருக்குத் தெரிந்தது மஹால் சந்துக்குத் தெரியாதா? ஆனாலும் கோத்திரம் வேறு, சாதி ஒன்று என்பதால், பெரியவர்கள் கண்டுபிடித்த சம்பந்தம் மாதிரியே எல்லோரும் நடந்துகொண்டார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா கோவர்த்தனன்தான் முட்டுக்கட்டை. அவர் வீட்டுப் பெயர் ‘குதிரை’. நாயக்கர் படையில் குதிரை ஏறிய வம்சம் என்று சொல்லிக்கொள்வார். அதற்குப் பொருத்தமாக மீசையை இரண்டு பக்கமும் தூக்கி விட்டிருப்பார். மூத்த மகனுக்கு வந்த ஒரு சம்பந்தத்தை, பெண் வீட்டுக் காபியில் சிக்கரி தூக்கல் என்று தட்டிவிட்ட ஆள். வாயால் ஒன்று சொல்லிவிட்டால் அதிலேயே நிற்பார்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கு, கேசரி முடிந்த கையோடு ராமதாஸ் படகை இறக்கினார்.

“படகா? மதுரையிலயா?” என்றார் கோவர்த்தனன். “வைகையில முட்டளவு தண்ணி வந்தாலே பாலத்துல நின்னு வேடிக்கை பாக்குற ஊரு சம்பந்தி இது.”

“அந்தக் காலத்துல வந்துச்சுங்க.”

“சரி. உங்க முன்னோரு ஊரைக் காட்டுங்க. கண்ணால பாத்துட்டு வெத்தலை பாக்கு மாத்திக்கிறேன். வம்சம் தெரியாம எங்க வீட்ல பொண்ணு எடுக்குறதில்ல.”

“வாங்க. படகுலயே கூட்டிட்டுப் போறேன்,” என்றார் ராமதாஸ்.

சுந்தரவல்லி காபித் தட்டோடு உள்ளே போனார். சமையல்கட்டுக்குள் பிருந்தா, “அம்மா, இவரு என் கல்யாணத்தைத் தண்ணியில விடப் போறாரு,” என்றாள். அழுகிற மாதிரி இருந்தது குரல்.

அது தொண்ணூற்றொன்பதாம் வருஷம், ஐப்பசி. பெரியாறு கால்வாயில் தண்ணீர் விட்டிருந்தார்கள். அதில் குளிப்பவர்கள், துவைப்பவர்கள், எருமை கழுவுபவர்கள் எல்லோரும் உண்டு. படகு மட்டும் கிடையாது. பொதுப்பணித் துறையில் கேட்டால் கூடாது என்பார்கள் என்பதால் ராமதாஸ் கேட்கவில்லை. திருவிழாவுக்குத் திருவிழா ராட்டினம் போடுகிற மொக்கைச்சாமியைப் பிடித்தார். மொக்கைச்சாமியிடம் பொருட்காட்சித் தொட்டியில் மிதக்க விடும் பெடல் போட் ஒன்று இருந்தது. அன்னப் பறவை. நாலு பேர் உட்காரலாம். முன்னால் இருக்கிற இரண்டு பேர் சைக்கிள் மாதிரி மிதிக்க வேண்டும். எங்கேயோ இடித்து மூக்கு உடைந்திருந்ததை எம்சீல் வைத்து ஒட்டி, மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், அழகர்கோவில் ரோட்டை ஒட்டிய கால்வாய்க் கரையில் டிராக்டரிலிருந்து அது இறங்கியது.

“என்ன சம்பந்தி, வாத்தா?” என்றார் கோவர்த்தனன்.

“அன்னம்ங்க.”

“மூக்கு தட்டையா இருக்கே.”

“அண்ணே, எதுவா இருந்தாலும் மெதக்கும்,” என்று மொக்கைச்சாமி இடையில் புகுந்தான். “நாலு பேருக்கு மேல ஏறாதீக. நான் டிராக்டரை ஓட்டிக்கிட்டுப் பாவடிப்பட்டிப் பாலத்துக்கு வந்துர்றேன்.”

முன் சீட்டில் ஓடமும் குதிரையும் பட்டு வேட்டியைத் தொடைக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பின் சீட்டில் சுந்தரவல்லியும், கோவர்த்தனனின் மனைவி கமலாபாயும், மடியில் புளியோதரைத் தூக்குச்சட்டியோடு. ஹரிஷ்குமாரும் பிருந்தாவும் ஹீரோ ஹோண்டாவில் கரை மேலேயே வருவதாக ஏற்பாடு. பெரியவர்களுக்குத் துணைக்காம். அந்த பைக்கில் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு புளியோதரைத் தூக்குக்குக்கூட இடம் இல்லாததைச் சுந்தரவல்லி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்.

தண்ணீர் இழுத்த இழுப்பில் முதலில் நன்றாகத்தான் போனது. கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பொம்பளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“ஏ ராமக்கா, வாத்துல நாலு பேரு போறாகடி,” என்றாள் ஒருத்தி.

“அந்த மீசைக்காரரு என்னத்துக்கு இந்த மிதி மிதிக்காரு? வாத்துக்கு வலிக்காது?” என்றாள் ராமக்கா.

ராமதாஸ் காதில் எதுவும் விழவில்லை. கையை நீட்டித் தண்ணீரைத் தொட்டுத் தலையில் தெளித்துக்கொண்டார். கோவர்த்தனன் மூச்சு வாங்கியபடி அவரைக் கடைக்கண்ணால் பார்த்தார்.

“ஒரு சந்தேகம் சம்பந்தி. இந்தக் கால்வாயை வெட்டினவன் வெள்ளைக்காரன். உங்க முன்னோரு நாயக்கரு காலத்துல வந்தாகன்னா, எந்தத் தண்ணியில வந்தாக?”

“அதுக்கு முன்னாடியே இங்க ஓடை இருந்துச்சுங்க. அதைத்தான் அவன் அகலப்படுத்திப் பேரு வாங்கிட்டுப் போயிட்டான்.”

கமலாபாய் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். ராமதாஸ் பின்னால் திரும்பி மனைவியிடம் சௌராஷ்டிரத்தில் மெதுவாகச் சொன்னார்: எங்க அப்பா கடைசி வரைக்கும் இப்படித் தண்ணீர்வழியாக வர ஆசைப்பட்டார், முடியாமல் போனது, நான் வந்துவிட்டேன். கண் ஓரம் பளபளத்தது. அது கால்வாய்த் தண்ணீர் இல்லை.

சுந்தரவல்லி அவருடைய முகத்தை உற்றுப் பார்த்தார். ஐயோ, இந்த மனுஷன் நிஜமாகவே நம்புகிறார். இருபத்து மூன்று வருஷமாக இரண்டு பேரும் ஒரே வேடிக்கைக்குச் சிரிக்கிறோம் என்று நினைத்திருந்தார். புருஷன் சிரித்தது பெருமையில்.

கொஞ்ச தூரத்தில் பெருமைக்கு முட்டி வலி வந்துவிட்டது. முதலில் ராமதாஸ் மிதிப்பதை நிறுத்தினார். குதிரை வம்சம் நிறுத்தக் கூடாது என்று கோவர்த்தனன் ஒற்றை ஆளாக மிதிக்க, அன்னம் இருந்த இடத்திலேயே வட்டம் அடித்தது. கரையிலிருந்து ஹரிஷ்குமார் கத்தினான்.

“மாமா, கயிறைத் தூக்கிப் போடுங்க. வண்டியில கட்டி இழுத்துர்றேன்.”

கயிற்றின் ஒரு முனை அன்னத்தின் கழுத்தில். இன்னொரு முனை ஹீரோ ஹோண்டாவின் பின்னால். கரை மேல் பைக் போக, தண்ணீரில் அன்னம் விறுவிறு என்று வந்தது. பிருந்தா பின்னால் திரும்பி உட்கார்ந்து கயிற்றைக் கவனித்துக்கொண்டாள். இந்தப் பயணத்திலேயே இதுதான் கொஞ்சம் படகு மாதிரி இருந்த கட்டம். கோவர்த்தனன்கூட மீசையைத் தடவிக்கொண்டு, “நம்ம பயலுக்குப் பொறுப்பு இருக்கு,” என்றார்.

பிறகு, அன்னத்தின் அடி எதிலோ உரசுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்கக் கரைக் கல்லில் ஈரக்கோடு மேலேயும் தண்ணீர் கீழேயுமாக ஆனது.

எருமை கழுவிக்கொண்டிருந்த ஒருவர் சாவகாசமாகச் சொன்னார்: “முறை முடிஞ்சிருச்சுங்க. மேல ஷட்டரை அடைச்சிருப்பாக. இனி அடுத்த முறைக்குத்தான் தண்ணி.”

“படகுத் துறைன்னீங்க,” என்றார் கோவர்த்தனன், சேற்றில் உட்கார்ந்துவிட்ட அன்னத்திலிருந்து ஒரு காலை வெளியே வைத்தபடி. கால் முட்டி வரை போய்விட்டது. “இம்புட்டுச் சேத்துல எவன் பாய்மரம் அடிச்சான்?”

நல்ல வேளை, பாவடிப்பட்டி கூப்பிடு தூரம்தான். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லோரும் வரப்பில் நடந்தார்கள். ராமதாஸ் முன்னால், சொந்த ஊருக்கு வருகிற ஜமீன்தார் மாதிரி. முட்டிக்குக் கீழே கறுப்பு சாக்ஸ் போட்டது போலச் சேறு.

ஊர் என்று பார்த்தால் ஒரு பெரிய பொட்டல், அதைச் சுற்றி வேப்பமரங்கள், அப்பால் கொஞ்சம் வீடுகள். நீளவாக்கில் கிடந்த அந்தப் பொட்டலின் தலைமாட்டில் ஓடு போட்ட சின்னக் கோயில். கோயில் சாவி வைத்திருந்த கருப்பு என்பவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

“எங்க முன்னோரு கோயிலு,” என்றார் ராமதாஸ். “ஓட வீடு. எங்க அப்பா வந்து கும்பிட்டிருக்காரு. படகு செதுக்குன கல்லு ஒண்ணு இருக்குமே.”

“படகா?” கருப்பு தாடையைச் சொறிந்தார். “அப்படி ஒண்ணும் இல்லீங்களே. இருக்குறது இந்த ரெண்டு கல்லுதான்.”

கதவைத் திறந்தார். சாமிக்கு இடது பக்கம் இரண்டு கல் நட்டிருந்தார்கள். முதல் கல்லில், நெட்டுக்குத்தலாக ஒரு உருவம். மேலும் கீழும் கூர். நடுவில் நீளமாக ஒரு குழி, குழி நெடுக வரிவரியாகக் கோடு. மேலே பச்சைப் பெயின்ட் அடித்திருந்தது. காம்பு மாதிரி மேலே ஒரு சின்னத் துண்டையும் பெயின்ட்டிலேயே சேர்த்திருந்தார்கள்.

“இது வெண்டைக்கா சாமிங்க,” என்றார் கருப்பு பக்தியோடு. “காய்கறி வெள்ளாமை செய்யிறவக மொதக் காயை இதுக்குத்தான் வப்பாக. புழு விழுகாது. இந்தப் பக்கம் இருக்கே, இது கட்டில் சாமி. கொழந்தை இல்லாதவக சுத்தி வந்து மஞ்சக் கயிறு கட்டுவாக.”

கோவர்த்தனன் முதலில் இருமினார். பிறகு அது இருமல் இல்லை என்று தெரிந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு, மீசை இரண்டும் தனித்தனியாக ஆட ஆடச் சிரித்தார்.

“வெண்டைக்கா. சம்பந்தி, நீங்க படகு வீடு இல்ல, வெண்டைக்கா வீடு. நாயக்கரு சாம்பாருக்குக் காய் போட்ட வம்சம்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். குரல் மாறியது. “இந்தா பாருங்க, தப்பா நினைக்காதீக. குதிரை ஏறின வீட்ல வெண்டைக்கா வீட்டுப் பொண்ணை எடுத்தா நாலு பேரு என்னைக் கேப்பாக. கமலா, கிளம்பு. மெயின் ரோட்டுக்குப் போனா மேலூர் பஸ்ஸு வரும்.”

ராமதாஸ் கல்லுக்குப் பக்கத்தில் போனார். பச்சைப் பெயின்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பல் பிடுங்கினவரைக்கூட விடாமல் பேசிய வாய். வாசலில் பிருந்தா ஹரிஷ்குமாரின் சட்டைக் கையைப் பிடித்தாள். அதை யார் பார்த்தாலும் பரவாயில்லை என்கிற பிடி.

சுந்தரவல்லி இரண்டாவது கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் காலை அகட்டி நிற்கிற கட்டை, மேலே ஒரு குறுக்கு மரம். பார்த்ததும் அவருக்குப் பரமக்குடித் தெருவும், காலை வெயிலில் நீட்டி விரித்த பாவு நூலும் ஞாபகத்துக்கு வந்தன. நூல் தரையில் படாமல் தாங்குவதற்கு அடியில் நிறுத்துவார்களே, அதேதான். திரும்பினார். கமலாபாயும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் தறி வீட்டுப் பெண். இரண்டு பேர் கண்ணும் சந்தித்துக்கொண்டன.

சொன்னால் புருஷனுடைய படகு முழுகும். சொல்லாவிட்டால் மகளுடைய கல்யாணம் மேலூர் பஸ்ஸில் ஏறிவிடும். சுந்தரவல்லி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

“அண்ணே, கொஞ்சம் நில்லுங்க. அது வெண்டைக்கா இல்ல.”

“பின்ன, பாவக்காயா?”

“ஓடம். தறியில ஊடு நூலைத் தள்ளுற ஓடம். உள்ளுக்குள்ள கோடு கோடா இருக்கே, அது நூல் சுத்தின தாரு. இந்தப் பொட்டலைப் பாத்தீகளா, எம்புட்டு நீளம். பாவு விரிக்கிற இடத்துக்குப் பேரு பாவடி. பாய்மரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நம்மாளுங்க இங்க உக்காந்து தறி நெய்ஞ்சிருக்காக.”

ராமதாஸ் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். படகில் ஓட்டை போட்டவரைப் பார்க்கிற பார்வை.

“பாத்தீகளா, உங்க வீட்டம்மாவே சொல்லிட்டாக,” என்றார் கோவர்த்தனன் வெற்றியோடு. “மரத்துண்டு.”

“ஆமாண்ணே, மரத்துண்டு. பக்கத்துல இருக்கு பாருங்க, கட்டில்னு சொன்னாரே. பாவு தரையில படாம தாங்குற கட்டை. அதுக்குத் தறிக்காரங்க என்ன பேரு சொல்வாக? நீங்களே சொல்லுங்க.”

கோவர்த்தனனுடைய மீசையின் இடது பக்கம் லேசாக இறங்கியது.

“குதிரை,” என்றார் கமலாபாய்.

கருப்பு மட்டும், “கட்டில் சாமிங்க அது,” என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்.

“எனக்குக் கல்யாணம் ஆன அன்னைக்கே தெரியும்,” என்றார் கமலாபாய் புருஷனிடம், ரொம்பச் சாதாரணமாக. “எங்க வீட்டு வாசல்ல ஏழெட்டுக் குதிரை நிக்கும். ஒண்ணுமேலயும் யாரும் ஏறினது இல்ல.”

“ஓடமும் குதிரையும் பக்கத்துப் பக்கத்துல நிக்குது,” என்றார் சுந்தரவல்லி. “முன்னோருகளே சேத்து வச்சுட்டுப் போயிருக்காக. கோத்திரம் வேற, அதையும் பாத்தாச்சு. இனி நீங்க பஸ்ஸுக்குப் போறதுன்னா போங்க. ஆனா எங்க வீடு வெண்டைக்கான்னு நீங்க தெருவுல சொன்னா, உங்க வீடு கட்டிலுன்னு நான் சொல்லுவேன். கொழந்தை இல்லாதவகெல்லாம் உங்களைச் சுத்தி வருவாக.”

கோவர்த்தனன் கல்லைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், சேறு காய்ந்துபோன தன் பட்டு வேட்டியைப் பார்த்தார். பிறகு ராமதாஸுக்குப் பக்கத்தில் போய் நின்றார். இரண்டு பேரும் வெகுநேரம் அந்த இரண்டு கல்லையும் பார்த்தபடி, தோளோடு தோள் இடிக்க நின்றார்கள். ஒரே திருடனிடம் பறிகொடுத்த இரண்டு பேர் மாதிரி.

“சம்பந்தி,” என்றார் கோவர்த்தனன் கடைசியில், குரலைத் தணித்து. “இது வெளிய போக வேண்டாம்.”

“போகாதுங்க,” என்றார் ராமதாஸ்.

வெற்றிலை பாக்கு அங்கேயே மாறியது. தட்டுக்குப் புளியோதரைத் தூக்கின் மூடி. மொக்கைச்சாமி டிராக்டரோடு வந்து, சேற்றிலிருந்து அன்னத்தைக் கிளப்பும்போது மூக்கு மறுபடியும் கழன்று விழுந்தது. அதைக் கருப்பு எடுத்து வைத்துக்கொண்டார். இந்நேரம் அதற்கும் ஒரு கயிறு கட்டியிருப்பார்கள்.

வீடு திரும்பியும் இரண்டு நாள் ராமதாஸ் மனைவியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் சோறு பிசைந்துகொண்டே, “இம்புட்டு வருஷமா உனக்குத் தெரியுமா?” என்றார்.

“உங்களுக்கும் தெரியும்னுல்ல நினைச்சேன்,” என்றார் சுந்தரவல்லி. அப்பளத்தை நொறுக்கி அவர் தட்டில் போட்டார். ராமதாஸ் அதை எடுத்துக் கடித்தார். அந்த விஷயம் அதோடு முடிந்தது என்று சுந்தரவல்லி நினைத்தார்.

தை மாதம் கல்யாணம். பத்திரிகையின் ஒரு மூலையில் பாய்மரக் கப்பல். இன்னொரு மூலையில் முன்னங்காலைத் தூக்கிய குதிரை. மஹால் சந்தே வாங்கிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டது. வெளியே போகாது என்று சொன்னது எப்படிப் போனது என்று கேட்கக் கூடாது. சாட்சிக்குக் கருப்பு இருந்தார், சேதி சுமக்க டிராக்டர்க்காரன் ஒருவன் இருந்தான்.

முகூர்த்தம் முடிந்து மண்டபத்தில் ஃபேனுக்குக் கீழே சம்பந்திகள் இரண்டு பேரும் சூரத்திலிருந்து வந்த ஒரு தூரத்து உறவுக்காரரை நடுவில் உட்கார வைத்துக்கொண்டிருந்தார்கள். சுந்தரவல்லி பந்திக்குக் கூப்பிட வந்தவர் பின்னாலேயே நின்று கேட்டார்.

“அந்தக் காலத்துல,” என்றார் ராமதாஸ், “இவுக குதிரையெல்லாம் எங்க படகுலதான் ஏத்திட்டு வந்தோம்.”

“பொறுங்க சம்பந்தி,” என்றார் கோவர்த்தனன். “படகுல எங்க ஏத்தினீக? உங்க படகையே கரையில இருந்து கயிறு கட்டி இழுத்தது எங்க குதிரைதான்.”

“ஏத்தினோம்ங்க.”

“இழுத்தோம்ங்குறேன்.”

சூரத்துக்காரர் இரண்டு பேரையும் பயபக்தியோடு மாறி மாறிப் பார்த்தார்.

“ரெண்டு பேரும் எந்திரிங்க,” என்றார் சுந்தரவல்லி. “இலை போட்டாச்சு. வெண்டைக்காப் பொரியலு ஆறுது.”